நிமிடத்துக்குப் பன்னிரண்டு சொல்

ராயப்பராஜ் தந்திக் கீயிலிருந்து கையை எடுத்துக் காப்பி டம்ளரைத் தூக்கிய பிறகும் உடையப்பனின் பென்சில் எழுதிக்கொண்டிருந்தது.

கண்ணை மூடியிருந்ததால் அவனுக்கு அது தெரியவில்லை. அப்படித்தான் எழுதச் சொல்லியிருந்தான் ராயப்பராஜ். திண்டுக்கல் ஜங்ஷனில் தந்தி சிக்னலராக இருக்கும் அவன், வேலை முடிந்த சாயங்காலங்களில் சைக்கிளை மிதித்துச் சின்னாளபட்டிக்கு வந்து, சிநேகிதனுக்காகப் பஸ்ஸரில் குட்டையும் நீளமுமாக மோர்ஸ் எழுத்துகளை அடித்துக்கொடுத்துவிட்டுப் போவான். "காதுக்கும் கைக்கும் நடுவுல ஒன் மூளை எதுக்குய்யா? யோசிக்காத. கை பாட்டுக்கு எழுதட்டும்" என்பது அவன் மந்திரம்.

"ஏப்பா, நிப்பாட்டு. நான் அடிச்சு முடிச்சு செத்த நேரமாச்சு."

உடையப்பன் கண்ணைத் திறந்தான். தாளில் கடைசி வரிக்குக் கீழே இன்னொரு வரி இருந்தது. ராயப்பராஜ் அதை விளக்குப் பக்கம் திருப்பிப் பார்த்தான். அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள், ஒன்றோடொன்று ஒட்டாமல், ஆனால் திருத்தமாக.

"இதை நான் அனுப்பலையே."

"சத்தம் கேட்டுச்சே. கேட்டுத்தான் எழுதுனேன்."

இரண்டு பேரும் காதைக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டில் பொம்மையன் குழிக்குள் காலை விட்டுத் தறி மிதித்துக்கொண்டிருந்தார். நாடா ஓடும் சத்தம், மிதி இறங்கும் சத்தம், பலகை வந்து இடிக்கும் சத்தம். ஒன்று குட்டை, ஒன்று நீளம், இரண்டு குட்டை. ராயப்பராஜ் காப்பி சிந்தச் சிரித்தான்.

"தறியைப் போய் எழுதியிருக்கியேய்யா! பயப்படாத, இது எல்லாருக்கும் வர்றதுதான். புதுசுல எனக்கு வீட்டுக்காரி தோசை திருப்புறது கூட எழுத்தாத்தான் விழுந்துச்சு. தானா நின்னுரும்."

உடையப்பனுக்குச் சிரிப்பு வரவில்லை. திண்டுக்கல்லில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் விஞ்ஞான ஆசிரியர் அவன். ஹாம் ரேடியோவில் இரண்டாம் நிலை உரிமம் வைத்திருந்தான். அதற்கு நிமிடத்துக்கு ஐந்து சொல் வேகத்தில் மோர்ஸ் எடுத்தால் போதும். முதல் நிலைக்குப் பன்னிரண்டு வேண்டும். வால்வு, மின்சுற்று, ஏரியல் என்று எந்தக் கேள்வி கேட்டாலும் மடமடவென்று எழுதிவிடுவான். காதுதான் காலை வாரியது. மதராசுக்குப் போய் இரண்டு தடவை தோற்றுவிட்டு வந்திருந்தான். விட்டுப்போன ஒரு எழுத்தை நினைத்து ஆத்திரப்படுவான். ஆத்திரத்தில் அடுத்த எழுத்து போகும். அதற்குள் ஒரு வரியே ஓடிப்போயிருக்கும். இந்த மாசிக் கடைசியில் மூன்றாவது தடவை. மதுரையில் திறக்கப்போகும் தொழிற்பயிற்சிப் பள்ளியில் ரேடியோ பாடத்துக்கு ஆள் எடுக்கிறார்கள். முதல் நிலை உரிமம் இருந்தால் இடம் அவனுக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள்.

அந்த ஒரு வரியை அவன் கிழித்துப் போட்டான். ஆனால் சத்தம் நிற்கவில்லை.

அந்த வீட்டை அவன் பிடித்ததே ஏரியலுக்காக. பின்கட்டில் இருந்த இரண்டு தென்னைகளுக்கு நடுவே கம்பியை இழுத்துக் கட்டிக்கொள்ள வீட்டுக்காரரான பொம்மையன் சம்மதித்தார். திண்டுக்கல்லில் யாரும் சம்மதிக்கவில்லை. நெசவுத் தெருவுக்கே உரிய கஞ்சி வாடையும் சாய வாடையும் சுவரில் ஊறிக் கிடக்கும் இரண்டு அறைகள். பின்னால் தண்ணீர் வற்றிப் பலகை போட்டு மூடிய ஒரு பாழுங்கிணறு. சாயங்காலமானால் கோடை மலைப் பக்கம் வெளிச்சம் சிவந்து வடியும்போது, பனி இறங்குவதற்கு முன் தெருவின் அத்தனை சத்தமும் ஒன்று சேர்ந்து அந்த அறைக்குள் வந்து உட்காரும். தறிகள், தெருக் கிணற்றில் கயிறு ஓடும் சகடை, சுங்குடிச் சேலைக்கு முடிச்சுப் போடும் பெண்களின் வளையல், வத்தலக்குண்டு பஸ்ஸின் கதவு. முன்பெல்லாம் அது வெறும் இரைச்சல். இப்போது ஒவ்வொன்றும் எழுத்தாக வந்து விழுந்தது. குறில், நெடில் என்று மனம் தன் பாட்டுக்குப் பிரித்தது. ஆள்காட்டி விரல் தன் பாட்டுக்குத் தொடையில் எழுதியது. வகுப்பில் மாணவன் பெஞ்சை ஆட்டினாலும் எழுத்து. கரும்பலகையில் சாக்பீஸ் தட்டினாலும் எழுத்து. அர்த்தமில்லாத எழுத்துக் குப்பை.

ரிசீவரில் உட்கார்ந்தால் இன்னும் மோசம். கப்பல்களுக்குச் செய்தி அனுப்பும் கடற்கரை நிலையம் ஒன்று விளக்கு வைக்கும் நேரத்தில் தெளிவாகக் கேட்கும். அதைத்தான் பயிற்சிக்கு வைத்திருந்தான். ஹெட்போனை எவ்வளவு அழுத்திப் போட்டாலும் தறியின் எழுத்து இடையில் நுழைந்தது. பாதி கப்பல், பாதி தறி. தாளைக் கசக்கினான். பென்சிலை ஒடித்தான். அன்று அவன் மனைவி சண்முகவள்ளி அடுப்படி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து மொச்சை உரித்து ஈயத் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் நிப்பாட்டித் தொலையேன்!"

அவள் கை அப்படியே நின்றது. தொப்பம்பட்டிக்காரி; பிறந்த வீட்டில் அவளை அதட்டிப் பேசி யாருக்கும் வழக்கமில்லை.

"வெஞ்சனத்துக்கு வேண்டாமுங்களா?" என்றாள் மெதுவாக.

அவனுக்கு வெட்கமாகிவிட்டது. ஏழு மாதம் அவளுக்கு. போன வருடம் முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்திலேயே தங்காமல் போனது. இந்தப் பிள்ளைக்கு வயிறு நன்றாகவே எடுத்திருந்தது. ஆனால் அசைவுதான் இல்லை. ஒரு நாள் லேசாகப் புரண்டது மாதிரி இருந்தது என்பாள். பிறகு பல நாள் ஒன்றும் இருக்காது. தெருக்கோடியில் இருந்த மருத்துவச்சி காதர் பீவி வந்து வயிற்றில் காதை வைத்துப் பார்த்தாள். நெடுநேரம் வைத்தே இருந்தாள்.

"நல்ல வளத்திதான் தாயி. துடிப்புதான் ஒளிஞ்சு ஒளிஞ்சு கேக்குது. சில புள்ளைக அப்பிடித்தான், சோம்பேறி" என்று சொல்லிவிட்டு, வாசலில் செருப்பு மாட்டும்போது உடையப்பனிடம் மட்டும், "பெரியாஸ்பத்திரிக்கு ஒரு நட கூட்டிட்டுப் போங்க சார்" என்றாள்.

"பரீட்சை முடியட்டும், பீவிம்மா."

அவள் அவனை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.

மறுநாள் சாயங்காலம் தறி ஆரம்பித்ததும் அவனுக்கு வீம்பு வந்தது. இது குப்பைதான் என்று தனக்கே நிரூபித்துக் காட்டிவிட்டால் மனம் கேட்பதை விட்டுவிடும் என்று தோன்றியது. ரிசீவரை அணைத்தான். தாளை விரித்துக் கண்ணை மூடிக்கொண்டு தறியையே எழுத ஆரம்பித்தான். யோசிக்கவில்லை. கை போனது. சீராக, எங்கும் தடுக்காமல், ஒரு எழுத்தும் விடாமல் போனது. கைக்கடிகாரத்தைக் காதோரம் வைத்துக் கணக்குப் பார்த்தபோது அவனுக்கு உடம்பு சிலிர்த்தது. பன்னிரண்டு. சரியாகப் பன்னிரண்டு சொல் வேகம். மூன்று வருடமாக எட்டாத வேகத்தை ஒரு தறி அடித்துக்கொண்டிருந்தது. அதை அவன் எடுத்துக்கொண்டிருந்தான்.

சந்தோஷத்தோடு கண்ணைத் திறந்தான்.

தாள் முழுக்க, ஆங்கில எழுத்தில், ஒரே சொல். வி, ஏ, ஏ. வி, ஏ, ஏ. ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு கே. பேசி முடித்தவன் கடைசியில் போடும் எழுத்து அது. இனி நீ சொல் என்று அர்த்தம்.

வா.

வா. நீ சொல்.

தறி நின்றது. பொம்மையன் யாரிடமோ வெற்றிலை கேட்கும் குரல் வந்தது. வி-யின் மூன்று குறில்தான் ஆகியிருந்தது, நெடில் பாக்கி. உடையப்பன் மூச்சை விட்டான். அப்போது தெருக் கிணற்றில் சகடை ஒரு முறை நீளமாகக் கிறீச்சிட்டது. பிறகு குட்டையாக ஒன்று, நீளமாக ஒன்று. தறி விட்ட இடத்திலிருந்து. அதே வேகத்தில். சகடை நின்றதும் அடுப்படியில் மொச்சை விழுந்தது. நேராக விழும் பயறு குறில். தட்டில் உருண்டோடி நிற்பது நெடில்.

எழுந்து போய்ப் பார்த்தான். சண்முகவள்ளி பயறை உரித்துக்கொண்டிருந்தாள். ஏதோ யோசனையில் இருக்கும் சாதாரண முகம். நெற்றியில் வியர்வை. நிமிர்ந்து பார்த்து, "சத்தம் போடறனுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல. நீ பாரு" என்றான்.

ராயப்பராஜ் அடுத்த முறை வந்தபோது உடையப்பன் அவனைச் சுவரோரம் உட்கார வைத்துத் தறியைக் கேட்கச் சொன்னான். ராயப்பராஜ் கேட்டான். பீடி ஒன்று முடியும் வரை கேட்டான்.

"தறி தறியாத்தான்யா இருக்கு."

"வி ஏ ஏ, வி ஏ ஏன்னு வருதே!"

"வி, ஏ ரெண்டையும் சேத்து அடிச்சா சோலி முடிஞ்சதுன்னு நம்ம தொழில்ல அர்த்தம். ஒன் மனசு சோலி முடிஞ்சது, போய்ப் படுன்னு சொல்லுது. ரெண்டு நாளு லீவு போட்டுத் தூங்கு."

தூங்க முடியவில்லை. ஒவ்வொரு சாயங்காலமும் வாக்கியம் நீண்டது. ஏரியல் கம்பி தென்னையில் உரசிச் சில எழுத்து கொடுக்கும்; மீதியை எங்கோ ஒரு வண்டியின் அச்சு முடிக்கும். அவன் எழுத மாட்டேன் என்று இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து உட்கார்ந்தான். தொடைக்கு அடியிலும் விரல் எழுதியது. கடைசியில் ஒரு நாள் முழுதாக வந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

வா. உடம்பு இருக்கு.

அவன் அந்தத் தாளை விளக்கடிக்குக் கொண்டுபோய் மறுபடி படித்தான். பயத்தோடு கூடவே ஒரு தெளிவும் வந்தது. உடம்பு என்றால் பிணம். எங்கோ ஒரு பிணம் கிடக்கிறது. கண்டுபிடிக்கச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறது. அவன் கண் தானாகப் பின்கட்டுக்குப் போனது. பலகை போட்டு மூடிய கிணறு. சுங்குடி முடிச்சுப் போடும் முத்துப்பேச்சி என்ற பெண்ணைத் தை பிறந்ததிலிருந்து தெருவில் காணவில்லை. புருசனைக் கேட்டால் மழுப்புகிறான் என்று பெண்கள் குசுகுசுத்ததைச் சண்முகவள்ளி சொல்லியிருந்தாள். எல்லாம் பொருந்தியது. பொருந்தியதும் அவனுக்குப் பாரம் இறங்கியது மாதிரி இருந்தது. பிணத்தை எடுத்துவிட்டால் சத்தம் நின்றுவிடும். சத்தம் நின்றால் பரீட்சை.

பொம்மையனிடம் போய்ச் சொன்னான். எழுத்தைப் பற்றிச் சொல்லவில்லை. வாடை வருகிறது என்று பொய் சொன்னான்.

"வாத்தியாரய்யா சொன்னாச் சரிதானுங்க" என்று பொம்மையன் கிணறு தூர்வாரும் ஒச்சப்பனைக் கூட்டிவந்தார். ஞாயிற்றுக்கிழமை, நல்ல வெயிலில், தெருவே கூடிவிட்டது. பலகையை எடுத்தார்கள். ஈர மண் வாடை மேலே வந்தது. வேறு வாடை இல்லை. ஒச்சப்பன் கயிற்றைப் பிடித்து இறங்கினான். உள்ளே கடப்பாரை இடிக்கும் சத்தம். குறில். நெடில். உடையப்பன் காதைப் பொத்திக்கொண்டான். மேலே வந்தவை உடைந்த பானைகள், ஒரு சாயக் கரண்டி, மக்கிப்போன நூல் உருண்டை.

"அம்புட்டுதான்யா" என்று ஏறிவந்தான் ஒச்சப்பன்.

அந்த நேரத்தில், தேடுவது முத்துப்பேச்சியைத்தான் என்று தெரு பேசியதைக் கேட்டு அவள் புருசன் வந்து சேர்ந்தான். "எம்பொண்டாட்டி கோயமுத்தூர் மில்லுல வேல பாக்குறா! மாசாமாசம் பணம் அனுப்புறா! கெணத்துக்குள்ள தேடுறியா? வாத்தியாருன்னா என்ன வேணாலும் பேசலாமா?" சட்டையைப் பிடித்துவிட்டான். பொம்மையன் நடுவில் விழுந்து விலக்கினார். பிள்ளைகள் சிரித்தார்கள். அவனிடம் படிக்கும் பையன்கள் இரண்டு பேர் கூட்டத்தில் நின்றதை உடையப்பன் பார்த்தான்.

கூட்டம் கலைந்ததும் ஒச்சப்பன் மட்டும் நின்றான். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே தயங்கினான்.

"அய்யா, தப்பா நெனைக்காதீக. எத்தனையோ கெணறு எறங்கியிருக்கேன். உள்ள தவளைக கெடந்துச்சு. ஆள் எறங்குனாத் தவளை தாவும்யா. இதுக ஒண்ணும் அசையல. எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி ஒக்காந்திருக்கு."

"எந்தப் பக்கம்?"

ஒச்சப்பன் விரலை நீட்டினான். உடையப்பனின் வீட்டு அடுப்படிச் சுவர்.

விஷயம் ஜங்ஷன் வரை போய் ராயப்பராஜுக்கும் எட்டியிருந்தது. வந்தவன் பஸ்ஸரை எடுக்கவே இல்லை.

"பரீட்சையை விட்ருய்யா. ஒனக்கு இது ஆகாது. காது கெட்டுப்போச்சு, இப்பப் புத்தியும் கெடப் பாக்குது."

"இன்னும் நாலே நாளு. ஒரு தடவ மட்டும் அடிச்சுக் குடு."

"மாட்டேன். நான் அடிக்கிறதை நீ கேக்குறதே இல்ல. வேற எதையோ கேட்டுக்கிட்டு ஒக்காந்திருக்க. ஒம் மூஞ்சியப் பாக்கவே எனக்கு ஒரு மாதிரி இருக்கு." சைக்கிளில் ஏறியவன் திரும்பி, "தங்கச்சியைக் கவனி" என்றான்.

உடையப்பன் அன்று ஏரியல் கம்பியை அவிழ்த்துப் போட்டான். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் சண்முகவள்ளியின் பழைய சீலையைச் சுருட்டித் திணித்தான். மொச்சை வேண்டாம், வளையல் வேண்டாம், செம்பைத் தரையில் வைக்காதே என்று அவளை விரட்டினான். அவள் வளையல்களைக் கழற்றி வைத்தாள். கழற்றும்போது அவை மோதிக்கொண்டன. உடம்பு இருக்கு. அவன் தலையைச் சுவரில் முட்டினான். சுவரில் முட்டிய சத்தமும் எழுத்து. எத்தனை தடவை முட்டியிருப்பான் என்று தெரியவில்லை. அவள் வந்து பிடித்தபோது நெற்றி தடித்திருந்தது.

"ஏனுங்க, எனக்குப் பயமா இருக்குதுங்க. இது அசையவே மாட்டேங்குது. அம்மாவை வரச்சொல்லிக் கடுதாசி போடுங்க."

"போடுறேன் வள்ளி. நான் மதராஸ் போயிட்டு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"நேத்திருந்து ஒண்ணுமே இல்லீங்க. கல்லாட்டம் இருக்குதுங்க."

அவன் அவள் தலையைத் தடவினான். அவள் சொன்னது அவன் காதில் விழுந்தது; மனதில் இறங்கவில்லை. மேலே பரண் பலகையில் ஒரு பல்லி தட்டிக்கொண்டிருந்தது.

மதராஸ் ரயிலுக்கு முந்தைய நாள் சாயங்காலம் சத்தம் நின்றது.

பள்ளியிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. தறி ஓடிக்கொண்டிருந்தது. அது தறியாக மட்டும் ஓடியது. நாடா, மிதி, பலகை. எழுத்து இல்லை. தெருக் கிணற்றுக்குப் போய் நின்று சகடையைக் கேட்டான். வெறும் துருப்பிடித்த கிறீச்சு. குடம் பிடித்த பெண்கள் அவனைப் பார்த்து ஒதுங்கியதையும் பொருட்படுத்தாமல் அங்கேயே நின்று சிரித்தான். ஓடிவந்து ஏரியலைக் கட்டினான். ரிசீவரைப் போட்டான். வால்வுகள் சிவந்து சூடாகி, தூசி கருகும் அந்தப் பழக்கமான வாடை வந்தது. கடற்கரை நிலையம் கப்பலைக் கூப்பிட்டது. பென்சிலை எடுத்தான்.

எடுத்தான், எழுதினான், எழுதிக்கொண்டே போனான். வானிலை, காற்றின் திசை, கப்பலின் பெயர், துறைமுகத்தின் பெயர். ஒரு எழுத்து தவறவில்லை. பன்னிரண்டும் தாண்டி வேகம் போனபோதும் கை பின்தங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றியபோது கண்ணில் தண்ணீர் நின்றது. மூன்று வருடம்! இம்புட்டுதானா? இதற்கா இந்தப் பாடு? ராயப்பராஜை இப்போதே ஜங்ஷனில் போய்ப் பிடித்துத் தாளை மூஞ்சிக்கு நேரே காட்ட வேண்டும் போல் இருந்தது.

"வள்ளி!" என்று கூப்பிட்டான். "வள்ளி, எடுத்துட்டேன்!"

உள்ளே இருந்து அவளும் அதே நேரத்தில் கூப்பிட்டாள். குரல் உடைந்து, அழுகையும் சிரிப்புமாக.

"ஏனுங்க! ஓடி வாங்க! அசையுதுங்க!"

ஓடினான். அறையில் விளக்கு மின்சாரம் குறைந்து மஞ்சளாக எரிந்துகொண்டிருந்தது. பாயில் சுவரில் சாய்ந்து, இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கி அவள் உட்கார்ந்திருந்தாள். முகம் முழுக்கக் கண்ணீர். இத்தனை நாள் பார்க்காத சிரிப்பு.

"பாருங்க, எப்படி உதைக்குதுன்னு! வெளிச்சம் போற நேரத்துல ஆரம்பிச்சுதுங்க. விடவே மாட்டேங்குதுங்க. கைய வையுங்க."

அவன் பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் அவன் கையைப் பிடித்து, சீலையை விலக்கி, வயிற்றின் மேல் வைத்து அழுத்தினாள். தோல் சூடாக, இறுக்கமாக இருந்தது. அவனுக்கும் அழுகை வந்தது. இருக்கிறது. உயிரோடு இருக்கிறது. நாளைக்கே ஆஸ்பத்திரி. ரயில் எல்லாம் அப்புறம். இதோ, உள்ளங்கைக்கு நேரே ஒரு உதை. சின்னதாக. இன்னொன்று. இன்னொன்று. பிறகு ஒன்று நீளமாக, குதிகாலை வைத்து அழுத்தி இழுத்தது மாதிரி.

அவன் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது.

சின்னது. நீளம்.

சின்னது. நீளம்.

வா. இன்னும் அதுவேதான் என்று நினைத்தான். இங்கேயும் வந்துவிட்டதா என்று நினைத்தான். கையை எடுக்கப் பார்த்தான். அவள் விடவில்லை. ஆனால் அது அங்கே முடியவில்லை.

சின்னது, நீளம், சின்னது. ஆர்.

ஒரே ஒரு சின்னது. ஈ.

நீளம், சின்னது. என்.

இடைவெளி.

வெளியே தறி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. சகடை இல்லை. பஸ் இல்லை. தெருவில் ஒரு பிள்ளை குரல் இல்லை. பல்லி இல்லை. அந்தப் பக்கத்துச் சுவரெல்லாம் காதை வைத்துக்கொண்டு நிற்பது மாதிரி.

மறுபடியும் வந்தது. முதலிலிருந்து. அவசரமில்லாமல், திருத்தமாக, பரீட்சை வேகத்தில்.

வாரேன்.

வாரேன்.

"எப்படி இருக்குதுங்க?" என்றாள் சண்முகவள்ளி. அவள் கன்னம் அவன் தோளில் இருந்தது. "எத்தன தெம்பு பாருங்க. உங்களாட்டமே."

நீளம். சின்னது. நீளம்.

கே.

இனி நீ சொல்.

அதன் பிறகு உதை இல்லை. உடம்பு இருக்கு என்றது இந்த உடம்பைத்தான்; வா என்றது அவனை இல்லை. வயிறு அசையாமல் இருந்தது. காத்துக்கொண்டு இருந்தது. உடையப்பன் பல்லைக் கடித்தான். கையை இழுத்தான். தோள் வலித்தது, கை வரவில்லை. அவன் யோசிக்கவில்லை. யோசிக்கவே இல்லை. உள்ளங்கை அவள் தோலில் ஒட்டிக் கிடக்க, ஆள்காட்டி விரல் மட்டும் மெல்ல எழும்பியது. இறங்கியது. எழும்பியது. மூன்று முறை மென்மையாகத் தட்டிவிட்டு, நான்காவதை நீளமாக அழுத்தியது. வா-வின் வி.

"ஐயோ, கூசுதுங்க" என்று சண்முகவள்ளி சிரித்தாள்.

விரல் நிற்கவில்லை.